சேகருக்கு, ஈஸ்ட் ஹாமிலிருந்து

அன்புள்ள சேகர்,

மூன்று வாரமாகப் பதில் போடவில்லை என்று கோபப்படாதே. குளிர், அப்புறம் செயற்கைக் கால் உரசி உரசி முட்டிக்குக் கீழே ஒரு புண், இதையெல்லாம் சொன்னால் சாக்கு என்பாய், விட்டுவிடுகிறேன். நீ கார் வாங்கப் போகிறாய் என்று படித்ததும் சமையலறையில் இருந்த பெண்டாட்டியைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடம் சைடு வீல் ஸ்கூட்டரிலேயே மதுரையைச் சுற்றிய ஆள், மழையில் நனைந்து போதும் என்று கடைசியில் தோன்றியதே, சந்தோஷம்.

ஆனால் கடைசி வரி பிடிக்கவில்லை. "சலுகை எதுவும் வேண்டாம்டா, எல்லாரையும் போல முழுக் காசு கொடுத்தே எடுத்துக்கிறேன்." உன் பழைய வீம்பு. கல்லூரியில் பஸ் பாஸுக்கு விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்தபோதும் இதையேதான் சொன்னாய்.

எனக்கு மட்டும் அது இல்லையா என்ன? ஆபரேஷன் முடிந்து நாலு மாதத்தில் புளூ பேட்ஜ், அதான் மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை, வந்தது. ரெண்டு மாதம் கார் டேஷ்போர்டு டிராயருக்குள்ளேயே கிடந்தது. இடது கால்தான் போயிற்று, ஆட்டோமேட்டிக் காருக்கு வலது கால் போதும், லைசென்ஸ் கொடுக்கும் டி.வி.எல்.ஏ.வுக்கும் எழுதித் தெரிவித்தாகிவிட்டது, நான் முன்னே மாதிரியே ஓட்டுகிறேனே, எனக்கு எதற்கு அந்தச் சக்கர நாற்காலிப் படம் என்று ஒரு நினைப்பு. ஒரு நாள் கிரீன் ஸ்ட்ரீட்டில் காய்கறி வாங்கப் போய், இடம் கிடைக்காமல் ரெண்டு தெரு தள்ளி நிறுத்தி, திரும்பி வரும்போது முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு வீட்டு வாசல் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க அரை மணி ஆனது. மறுநாள் அட்டையை எடுத்து வைத்தேன்.

அட்டையைப் பற்றி நீ கேட்டதால் சொல்கிறேன். அது வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. உன் காரில் நான் ஏறினால் உன் காரிலும் வைக்கலாம், நான் இல்லாமல் அவள் தனியாகக் கடைக்குப் போனால் வைக்கக் கூடாது, பிடித்தால் அபராதம் ஆயிரம் பவுண்டு வரை போகும். கூடவே நீல அட்டையில் ஒரு கடிகாரம் கொடுப்பார்கள், வந்த நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்துவிட்டால் மற்றவர்கள் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டிலேயே மூன்று மணி நேரம் நிறுத்தலாம். நடைபாதை விளிம்பில் குறுக்கே சின்ன மஞ்சள் கீற்றுகள் போட்டிருந்தால் மட்டும் கூடாது, அங்கே சரக்கு இறக்கவே தடை. ஸ்காட்லாந்தில் மஞ்சள் கோட்டுக்கு மணிக் கணக்கே கிடையாது. லண்டன் நடுவில் வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன், சிட்டி, கேம்டனில் ஒரு பகுதி, இங்கெல்லாம் அவரவர் தனிச் சட்டம், போவதற்கு முன்னால் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். சூப்பர் மார்க்கெட் மாதிரி தனியார் இடங்களில் நிறுத்த இந்த அட்டை தானாகச் செல்லாது, அவர்கள் வைத்ததுதான் விதி. எனக்கு ஒரு முறை கதவைச் சாத்திய வேகத்தில் அட்டை குப்புற விழுந்து என் போட்டோ மேலே தெரிந்தது, அதற்கு ஒரு அபராதச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனான். நாலு கடிதம் எழுதி ரத்து செய்ய வைத்தேன். இப்போது கதவை மூடியதும் கண்ணாடி வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

வரி விஷயம்தான் மனசை உறுத்துகிறது. இங்கே பிப் என்று ஒரு உதவித்தொகை, அதில் நடமாட்டத்துக்கு ஒரு பங்கு. அதில் மேல் படி கிடைத்தால் வண்டி வரி முழுவதும் தள்ளுபடி, கீழ்ப் படி என்றால் பாதி. மேல் படிக்குக் கேட்கும் முக்கியமான கேள்வி, இருபது மீட்டருக்கு மேல் நடப்பாயா என்பது. முன்பு இருந்த உதவித்தொகையில் ஐம்பது மீட்டர் கணக்கு, 2013இல் பிப் வந்தபோது இருபதாக்கிவிட்டார்கள். இருபது மீட்டர் என்றால் எவ்வளவு தெரியுமா, லண்டன் மாடி பஸ் ரெண்டை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பரிசோதிக்க வந்தவர் என்னிடம் பேசிக்கொண்டே கதவிலிருந்து நாற்காலிவரை கண்ணால் அளந்தார், எனக்குத் தெரிந்தது. அன்றைக்கென்று நன்றாக நடந்து தொலைத்துவிடக் கூடாதே என்று பயந்தேன் பார், நல்லா நடக்கப் பயப்படுகிற நிலைமையை என்னவென்று சொல்வது.

கிடைத்துவிட்டது. தபால் நிலையத்தில் போய் வண்டியின் வரி வகையை மாற்றினேன். ஒவ்வொரு வருடமும் பூஜ்யம் பவுண்டு வரியை மறக்காமல் "கட்ட" வேண்டும், அதற்கும் ஒரு உறுதிச் செய்தி வருகிறது, சிரிக்காதே. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அறுபத்தெட்டில் பக்கவாதம். என்னைவிட மோசமாக நடக்கிறார். எனக்குக் கால் போனது அறுபத்து நாலில், அப்போதைய பென்ஷன் வயது அறுபத்தாறுக்கு முன்னால், அதனால் பிப் வந்தது, வயது தாண்டியும் தொடர்கிறது. அவருக்கு வயது தாண்டிவிட்டதால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற வேறு உதவித்தொகைதான், அதில் நடமாட்டப் பங்கு என்று ஒன்று கிடையாது. புளூ பேட்ஜை கவுன்சிலில் தனியாக விண்ணப்பித்து வாங்கிவிட்டார், வரி மட்டும் முழுசாகக் கட்டுகிறார், 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 195 பவுண்டு ஆனது. ரெண்டு காரும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது.

உன் ஸ்கூட்டரை வைத்து ஒன்று சொல்ல வேண்டும். இங்கே 1948க்குப் பிறகு அரசாங்கமே கால் நடக்காதவர்களுக்கு ஒரு மூன்று சக்கர வண்டி கொடுத்தது, இன்வாகார் என்பார்கள், வெளிர் நீல நிறத்தில் டப்பா மாதிரி. ஒரே ஒரு சீட்டு. பெண்டாட்டியைக்கூட ஏற்றக் கூடாது. 2003 மார்ச் 31க்குப் பிறகு சாலையிலேயே ஓட்டக் கூடாது என்று மூட்டை கட்டிவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பார்த்தபோது உன் நினைப்புதான் வந்தது. உன் ஆர்.சி. புக்கிலும் "இன்வேலிட் கேரேஜ்" என்றுதானே போட்டிருந்தான், "செல்லாத ஆளுக்குச் செல்லாத வண்டி" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். ஆனால் உன் வண்டியில் பின் சீட்டு இருந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு உன் பின்னால் உட்கார்ந்து வந்து, போலீஸ்காரர் சைடு வீலைப் பார்த்துத் தடுப்பைத் திறந்து விட, ரெண்டு காலும் நன்றாக இருந்த நான் மாசி வீதி வரை சொகுசாக வந்து இறங்கினேனே. அந்தச் சலுகையை எத்தனை வருடம் அனுபவித்தது நான்? நீ ஒரு நாள் குத்திக் காட்டியதில்லை.

சரி, காருக்கு வருகிறேன். ஜி.எஸ்.டி.யில் உனக்குப் பஞ்சாயத்து இல்லை, 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு 28ஐ 18 ஆக்கிவிட்டார்கள், முன்பு மாற்றுத்திறனாளிச் சான்றிதழை வைத்து டெல்லிக்கு எழுதி வாங்கிய அதே 18. சாலை வரிதான் பார்க்க வேண்டியது. கையால் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் பிடிக்கிற மாதிரி மாற்றுகிறாய் இல்லையா, அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் சரியாகப் பதிய வை. 2019 சட்டத் திருத்தத்தில் அந்த "இன்வேலிட்" போய் "அடாப்டட் வெஹிகிள்" ஆகிவிட்டது, செல்லாத வண்டி செத்துப்போய்விட்டது, கவலைப்படாதே. வண்டியைப் பதியும் படிவம் 20இல் உரிமையாளர் வகை என்று 2020இல் அறிவித்து ஒரு கட்டம் சேர்த்தார்கள், மாற்றுத்திறனாளிக்கு திவ்யாங்ஜன் என்று இருக்கும், அதை டீலர் பையன் வேகத்தில் விட்டுவிடுவான், நீ பக்கத்தில் நின்று டிக் அடிக்க வை. அதை விட்டால் டோல்கேட்டில் நீ யார் என்று ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை இறக்கி விளக்க வேண்டியிருக்கும். உன் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை, அந்த யு.டி.ஐ.டி.யை, லேமினேட் போட்டு வண்டியிலேயே வை.

ஸ்கூட்டரை மட்டும் விற்றுவிடாதே. ஜனவரியில் வருகிறேன். ஏ.சி. காரில் ஊர் பார்க்க எனக்கு இஷ்டமில்லை, பின் சீட்டில்தான் உட்காருவேன். ஒரே சந்தேகம்: இடது பக்கச் சக்கரத்துக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, அளந்து எழுது. செயற்கைக் காலில் பாதம் மடங்காது, முன்னைப் போல இடுக்கி வைக்க முடியுமா என்று தெரியவில்லை.

அன்புடன்,
ராஜு