மெமரி கார்டு வாங்கும் முன் கேமரா மாடலைச் சொல்லுங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"64 ஜிபி கார்டு ஒன்று கொடுங்கள்" என்பவரிடம் நாங்கள் முதலில் கேட்பது கேமராவின் மாடலைத்தான். பெரும்பாலான கேமராக்களில் போகும் எஸ்டி கார்டுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். எது போட்டாலும் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும். கேமரா அதைப் படிக்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

2 ஜிபி வரை சாதாரண எஸ்டி. 4 முதல் 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி, 2006இல் வந்தது. 64 ஜிபியிலிருந்து எஸ்டிஎக்ஸ்சி, 2009இல் வந்தது. புதிய கேமரா பழைய கார்டை ஏற்கும். பழைய கேமராவுக்குப் புதிய கார்டு புரியாது. அலமாரியில் கிடந்த 2005ஆம் ஆண்டுக் கேமராவைத் தூசி தட்டி எடுத்திருந்தால் 2 ஜிபி கார்டையே தேடுங்கள். அதில் 64 ஜிபி போட்டு 'கார்டு எரர்' வந்தால் கார்டு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம், அது நல்ல கார்டுதான். அந்தக் காலத்து ஒலிம்பஸ், ஃபியூஜி சிலவற்றில் எஸ்டி அல்லாத எக்ஸ்டி கார்டும், பழைய சோனியில் மெமரி ஸ்டிக்கும்தான் போகும்.

அடுத்தது வேகம். ஏமாற்றம் அதிகம் நேர்வது இங்கேதான். கார்டின் முகத்தில் பெரிய எழுத்தில் 170 எம்பி என்றிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். அதுவும் அதற்கென்று உள்ள ரீடரில் போட்டால்தான் கிடைக்கும். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். ஓரத்தில் பொடியாக வி30 என்று இருக்கிறதா பாருங்கள்: நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும் என்று பொருள். யூ வடிவத்துக்குள் 3 இருந்தாலும் அதே 30தான். வட்டத்துக்குள் 10 மட்டும் இருந்தால் உறுதி 10 எம்பிதான்.

8 மெகாபிட் சேர்ந்ததுதான் 1 எம்பி; அதனால் நொடிக்கு 100 மெகாபிட் 4கே வீடியோவை எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. 10 உறுதியுள்ள கார்டு அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் கேமராவின் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பி, ரெக்கார்டிங் பாதியில் தானாக நின்றுவிடும். தாலி கட்டும் நேரத்தில் அப்படி நின்றால் திரும்ப எடுக்க முடியாது. வி30 வாங்குங்கள், போதும். பானாசோனிக் ஜிஹெச்5 போன்றவற்றில் 400 மெகாபிட்டில் எடுப்பவர்களுக்கு வி60 கட்டாயம்.

பின்பக்கம் தங்க நிறப் பின்கள் இரண்டு வரிசையாக இருந்தால் அது யூஹெச்எஸ்-2 என்ற வேகமான வகை. ஒரு வரிசை மட்டுமே உள்ள ஸ்லாட்டிலும் வேலை செய்யும், ஆனால் அந்த ஸ்லாட்டின் குறைந்த வேகத்தில்தான். கொடுத்த கூடுதல் பணம் வீண். சோனி ஆல்ஃபா 7 III-இல் முதல் ஸ்லாட் மட்டுமே யூஹெச்எஸ்-2. வேகமான கார்டை அதில் போடுங்கள்.

64 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 59.6 என்று காட்டுவது கணக்கிடும் முறையால் வரும் வித்தியாசம், குறை அல்ல. புதுக் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். 'லாக்' என்று வந்தால் கார்டின் இடது ஓரத்துச் சிறு சுவிட்சைப் பாருங்கள். லொடலொடத்துப் போனால் ஸ்லாட்டில் தள்ளும்போதே அது கீழே நகர்ந்து லாக் ஆகிவிடும்.

வரும்போது கேமராவையும், சார்ஜ் ஏற்றிய பேட்டரியையும் கொண்டு வாருங்கள். கார்டைப் போட்டு ஃபார்மேட் செய்து, நீங்கள் வழக்கமாக எடுக்கும் தரத்தில் பத்து நிமிட வீடியோ ஓட்டிப் பார்த்த பிறகு பில் போடுகிறோம்.