எந்தக் கண்மாயில் மீன் படும்? தூண்டில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வாடைக்காற்று கிளம்பிவிட்டது. தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கரையில் நின்று தூண்டில் போட முடியாத அளவுக்குக் கடல் கலங்கிக் கிடக்கிறது. கடைக்கு வருகிற எல்லோரும் "அண்ணே, எந்தக் கண்மாயில் மீன் படும்?" என்றுதான் கேட்கிறீர்கள். கல்லாவில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நம் கண்மாய்கள் வைகையின் கடைமடை. மழையும் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து வந்தால்தான் நிறையும். புதுத்தண்ணீர் இறங்கும் நாளில் மீன் நடுக்கண்மாயில் நிற்காது, எதிரேறி, கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் வாய்க்கு வந்துவிடும். அங்கே மண்புழு போட்டால் கெளுத்தியும் குறவையும் படும். தண்ணீர் தெளிந்த பிறகு ஜிலேபி மீனுக்கு மைதா உருண்டை, ரோகுவுக்குக் கடலைப் புண்ணாக்கு. காற்று எந்தக் கரையில் போய் மோதுகிறதோ அந்தக் கரையில் உட்காருங்கள், இரை அங்கேதான் ஒதுங்கும். ஜிலேபிக்கு வாய் சிறியது, 10ஆம் நம்பர் தூண்டில் முள் போதும். நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும் என்பதைப் புதியவர்கள் மனதில் வையுங்கள்.

விரால் மேலே வந்து காற்று வாங்கிவிட்டு இறங்கும்போது குமிழ் விடும். அதுதான் அடையாளம். ஆனால் செம்மண் கரைத்து ஊற்றியதுபோல் சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் நகர்வதைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அடியில் பெரிய விரால் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். பிடிப்பது சுலபம்தான். பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும்.

மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போன கண்மாய் என்றால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

சக்கரக்கோட்டைக்கோ தேர்த்தங்கலுக்கோ போகிறேன் என்று சொன்னால் எங்கள் கடையில் முள் தர மாட்டோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் பறவைகள் சரணாலயம், 2025இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தவை. சரணாலயத்துக்கு வெளியிலும் பறவைகள் நம் கண்மாய்களுக்கு வந்து இரை தேடும். போன தை மாதம் ஒரு கண்மாய்க் கரையில் கூழைக்கடா ஒன்று கருவேல முள்ளில் சிக்கிக் கிடந்தது. காலில் மூன்று சுற்றுத் தங்கூஸ், அதாவது தூண்டில் நரம்பு, தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. பிளேடால் நறுக்கி எடுக்க அரைமணி நேரம் ஆனது. பறந்து போனது, ஆனால் அந்தக் கால் தொங்கிக்கொண்டேதான் இருந்தது. அந்தத் தங்கூஸ் நாங்கள் விற்கிற ரகம்தான்.

அறுந்த நரம்பைக் கரையில் வீசாமல் சுருட்டிக் கொண்டு வாருங்கள். கடை வாசலில் நீல டிரம் வைத்திருக்கிறோம். ஒரு கைப்பிடி பழைய தங்கூஸ் போட்டால் ஒரு பொட்டலம் முள் இனாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடிகாலை நாலரைக்கே கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
தூண்டில் கடை, ராமநாதபுரம்