குட்டியை அனுப்பும் முன், வாரை யார் பிடிப்பார் என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் நாய் வளர்த்தால் இதயநோய் குறையும், ஆயுள் கூடும் என்று சென்ற வாரத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எழுபத்திரண்டு வயதாகும் நான் ஒன்பது ஆண்டுகளாக ஒரு நாட்டு நாயோடு வாழ்ந்து வருகிறேன். ஆகவே அக்கட்டுரையை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் இங்கே தனியாக இருக்கும் தாய் தந்தையருக்கு ஒரு லேப்ரடார் குட்டியை வாங்கி அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். எங்கள் தெருவிலேயே அப்படி வந்து இறங்கிய குட்டிகள் இரண்டு உண்டு.

கட்டுரை எடுத்துக்காட்டிய சுவீடன் ஆய்வு மிகப் பெரியது. உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2017-இல் வெளியிட்ட அந்த ஆய்வு, 40 முதல் 80 வயது வரையிலான சுமார் 34 லட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை பதிவேடுகளின் வழியே தொடர்ந்து கவனித்தது. தனியாக வாழ்பவர்களில் நாய் வைத்திருந்தோரின் இறப்பு அபாயம், வைத்திராதோரைவிட 33 விழுக்காடு குறைவாக இருந்தது. கட்டுரையாளர் இந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டார். பலர் சேர்ந்து வாழும் வீடுகளில் அதே குறைவு 11 விழுக்காடுதான் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கோ அந்த இரண்டாவது எண்தான் அதிகம் பேசுவதாகத் தோன்றுகிறது. தனியாக இருப்பவர் பனி கொட்டினாலும் தாமே நாயை வெளியே கூட்டிப்போயாக வேண்டும் என்பது இந்த வேறுபாட்டுக்கு ஆய்வாளர்களே சொன்ன விளக்கங்களுள் ஒன்று. நான்கு பேர் இருக்கும் வீட்டில் அந்த வேலை யாருடைய தலையிலாவது விழும். நம் ஊரில் அது பெரும்பாலும் காவலாளியின் தலையில் விழுகிறது. உரிமையாளர் மாடியில் காபி குடித்துக்கொண்டிருக்க, நடையின் பலன் முழுவதும் காவலாளியின் இதயத்துக்குப் போய்ச் சேருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாய் வளர்ப்பதால் உடல்நலம் கூடுகிறதா, அல்லது ஏற்கெனவே நடமாட்டத்தோடு இருப்பவர்கள்தாம் நாய் வளர்க்கத் துணிகிறார்களா என்பதை இத்தகைய ஆய்வுகளால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. முழங்கால் தேய்ந்து, படியிறங்கவே அஞ்சும் ஒருவர் குட்டி வாங்கும் எண்ணத்தையே கைவிட்டிருப்பார் அல்லவா?

நடை என்ற அளவில் மட்டும் ஐயத்துக்கு இடம் குறைவு. இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி, அதே 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நாய் வைத்திருந்தோர் மற்றவர்களைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 22 நிமிடங்கள் கூடுதலாக நடந்தது தெரியவந்தது. வாரத்துக்கு அது 154 நிமிடங்கள். உலக சுகாதார நிறுவனம் முதியோருக்குப் பரிந்துரைக்கும் 150 நிமிடங்களை அது ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது. சம்பளம் கொடுத்து ஒரு பயிற்சியாளரை அமர்த்தினாலும், விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கட்டிலருகே வந்து மூக்கால் முழங்கையை நெம்பி எழுப்பமாட்டார். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதில் எங்கள் நாய்க்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். அதற்காக மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

இனி, கட்டுரை தொடாத பக்கத்துக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் என் மனைவி நாயைக் கூட்டிக்கொண்டு போனார். நழுவிவிடக் கூடாதே என்று வாரை வலக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். தெருமுனையில் குப்பைத் தொட்டியின் பின்னாலிருந்து மூன்று தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வந்ததும் எங்கள் நாய் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. ஈரம் காயாத கோலத்தின் மேல் அவர் இடக்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே, “வாரைக் கையில சுத்தியிருந்தீங்களாம்மா?” என்பதுதான். வாரின் பிடியை உள்ளங்கையில் மடித்துப் பிடிக்க வேண்டும், நாய் பாய்ந்தால் விட்டுவிடப் பழக வேண்டும் என்று ஒரு துணிப்பட்டையை எடுத்துச் செய்து காட்டினார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் நாயை வாரில் நடத்திச் செல்லும்போது எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்டோரின் எண்ணிக்கை 2004-இல் சுமார் 1,670 என்றும், 2017-இல் ஏறத்தாழ 4,400 என்றும் மதிப்பிடப்பட்டிருக்கிறது. அவர்களில் ஐந்தில் நால்வர் பெண்கள். அதிகம் முறிந்தது இடுப்பெலும்பு. நடைபாதை உள்ள ஊர்களிலேயே இந்த நிலை என்றால், பள்ளமும் கேபிள் குழியும் நிறுத்திவைத்த வண்டிகளுமாக இருக்கும் நம் தெருக்களைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சுவீடன் ஆய்வில் மிகுந்த பலன் கண்டவர்கள் வேட்டை இன நாய்களை வளர்த்தவர்கள். நன்றாக ஓட்டம் கேட்கும் இனம் என்பதால் அப்படி இருக்கலாம். ஆனால் நன்றாக ஓடும் நாய்தான் நன்றாக இழுக்கவும் செய்யும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் நம் மண்ணின் பெருமைதான் என்றாலும், அவை ஓடவும் வேட்டையாடவும் வளர்ந்த இனங்கள். எழுபது வயதுக் கால்கள் அவற்றுக்கு ஈடுகொடுக்க மாட்டா. முதியவருக்கு நாய் வேண்டுமென்றால், துள்ளும் குட்டியைவிட ஐந்தாறு வயதான, குணம் தெரிந்த, எடை குறைந்த நாட்டு நாயைத் தத்தெடுப்பதே தக்கது.

இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களின் மெல்லிய தோலில், ஆசையாகத் தாவும் நாயின் நகம் பட்டாலே கிழிந்து நெடுநேரம் இரத்தம் வரும். எனவே நகத்தைத் தவறாமல் வெட்டிவிட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். வீட்டு நாய்தானே என்று எண்ணாமல், கடியோ கீறலோ எதுவானாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதியவர் படுத்துவிட்டால் நாயை யார் பார்ப்பது என்பதைத்தான் குட்டி அனுப்பும் பிள்ளைகள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. நாயை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கண்புரை அறுவையை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்ட ஒரு நண்பரை நான் அறிவேன்; அவருடைய உடல்நலத்துக்கு அந்த நாய் செய்தது நன்மையா தீமையா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அவரைப் பார்த்த பிறகுதான் நானும் எதிர்வீட்டுப் பையனிடம் பேசினேன். நாய் என்ன சாப்பிடும், எந்த மாதம் ஊசி, எந்தக் கால்நடை மருத்துவர், எதற்கு மிரளும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒரு படியை அவனிடம் கொடுத்துவிட்டு, மற்றொன்றைக் குடும்ப அட்டையும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
திருவரங்கம், திருச்சிராப்பள்ளி.