ஆறரை மணிக்கு மேல் பஸ் வராத நிழற்குடை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. முழங்காலுக்கு ஃபிசியோதெரபி ஆரம்பித்திருப்பதாக எழுதியிருந்தாய். விடாமல் போ, வலி குறைந்ததும் நிறுத்திவிடாதே. மல்லிகா சொல்வதைக் கேள். இங்கே நாங்கள் இருவரும் சுகம். பேத்தி நடக்கப் பழகிவிட்டாள். வீட்டில் அவள் இழுத்துப் பார்க்காத டிராயர் ஒன்றுகூட பாக்கியில்லை.

“பஸ் நிழற்குடைக்கும் ரோட்டு வேலைகளுக்கும் கவுன்சில் பணம் ஒதுக்கிவிட்டது என்று போன தடவை எழுதினாயே, வேலை எந்த மட்டில் இருக்கிறது?” என்று கேட்டிருந்தாய். நெடுஞ்சாலைத் துறையில் காலமெல்லாம் எம்.புக் என்ற அளவுப் புத்தகம் எழுதியவன் நீ. மேலோட்டமாகச் சொன்னால் விடமாட்டாய். அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் இங்கே யாருக்கு எது பொறுப்பு என்பதே ஒரு குழப்பம். எங்களுடையது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் சின்ன ஊர். ரோடும் சிக்னலும் பஸ் உதவித்தொகையும் கவுன்டி கவுன்சில் கையில். வீடு கட்ட அனுமதி தருவது மாவட்டக் கவுன்சில். நிழற்குடைக்குச் சொந்தக்காரர் டவுன் கவுன்சில். அந்த நிழற்குடைக்கு முன்னால் வந்து நிற்கும் பஸ்ஸோ தனியார் கம்பெனியுடையது. ஒரு நிறுத்தத்தில் லைட் எரியவில்லை என்றால் யாருக்கு மனு போடுவது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும்.

சரி, நல்ல செய்தியில் ஆரம்பிக்கிறேன். கடைத்தெரு நிறுத்தத்தில் புது நிழற்குடை வந்துவிட்டது. நன்றாகவே செய்திருக்கிறார்கள். நடைபாதை ஓரத்துக் கல்லை ஏறக்குறைய 16 சென்டிமீட்டருக்கு உயர்த்திவிட்டார்கள். இதை இங்கே காசெல் கெர்ப் என்கிறார்கள், ஜெர்மனியில் உள்ள காசெல் நகரத்தில் உருவானது. கல்லின் பக்கவாட்டு முகம் உள்வாங்கி வளைந்திருக்கும். டிரைவர் டயரை அதில் உரசவிட்டபடியே வண்டியை ஒட்டி நிறுத்தலாம், டயர் கெடாது. பஸ்ஸின் தளமும் நடைபாதையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால், சக்கர நாற்காலியில் இருப்பவரை யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை. இதில் ஒரே ஒரு சிக்கல்: நிறுத்தத்துக்கு முன்னால் எவனாவது காரை நிறுத்திவிட்டால் பஸ் நேராக உள்ளே வர முடியாது, அத்தனை கல்லும் வீண். அதனால் மஞ்சள் கட்டம் போட்டு “இங்கே நிறுத்தாதே” என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஓரளவுக்கு மதிக்கிறார்கள்.

நிழற்குடைக்குள் அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும் மின்பலகையும் உண்டு. மாலை ஆறரை மணி வரை அழகாக வேலை செய்கிறது. ஆறரைக்கு மேல் அதில் காட்ட ஒன்றும் இல்லை, ஏனென்றால் அதற்கு மேல் பஸ்ஸே இல்லை. இரவு ஏழு, எட்டு, ஒன்பதரை என்று ஓடிக்கொண்டிருந்த மூன்று நடைகளையும் நிறுத்திவிட்டார்கள். நிழற்குடையின் திறப்பு விழாப் படமும் அந்த நடைகள் ரத்தான செய்தியும் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் அடுத்தடுத்த வாரங்களில் வந்தன.

இது எப்படி நடக்கும் என்று கேட்பாய். உனக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது, “ஹெட் (கணக்குத் தலைப்பு) மாறிப் பணம் எடுக்கக் கூடாது” என்ற பாடத்தைக் கேட்டே வளர்ந்தவன் நீ. இங்கேயும் அதே கதைதான். நிழற்குடை ஒரு தடவை கட்டி முடிக்கும் மூலதனச் செலவு, பஸ் ஓட்டுவது அன்றாடம் ஆகும் வருவாய்ச் செலவு. முதல் தலைப்பில் மிஞ்சும் பணத்தில் இரண்டாவது தலைப்புக்கு ஒரு பென்னியும் போகாது. மத்திய அரசு தரும் போக்குவரத்து மானியங்களில் பெரும்பகுதி “எதையாவது கட்டு” என்று வருகிறது. “பஸ் ஓட்டு” என்று வருவது கொஞ்சம். இந்த நிழற்குடைக்கு வந்ததோ ‘106 பணம்’. 1990-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் 106-ஆவது பிரிவில், புதிதாக வீடுகள் கட்டும் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, அந்த வீடுகளால் ஊருக்கு வரும் சுமைக்கு ஈடாகப் பணம் வாங்கிக்கொள்ளலாம். எந்த வேலைக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டுமே செலவழிக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்குள் செலவழிக்காவிட்டால் கட்டிய கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆக, கெடு நெருங்க நெருங்க அவசரமாகக் கட்டுகிறார்கள். நம்ம ஊர் ‘மார்ச் எண்டிங்’ மாதிரிதான், இங்கேயும் நிதியாண்டு மார்ச் 31-லேயே முடிகிறது.

பஸ் பக்கத்துக் கதை இன்னும் பழையது. லண்டனைத் தவிர்த்த பிரிட்டன் முழுவதும் 1986 அக்டோபரில் பஸ் தொழிலைச் சந்தைக்குத் திறந்துவிட்டார்கள். லாபம் வரும் தடத்தில், லாபம் வரும் நேரத்தில் கம்பெனிகள் தாங்களாகவே ஓட்டும். மீதியில் மக்களுக்கு அவசியம் என்று தோன்றுவதைக் கவுன்சில் டெண்டர் விட்டு ஓட்டச் சொல்லலாம். ‘சொல்லலாம்’ தான், ‘சொல்லியே ஆக வேண்டும்’ இல்லை. முதியோர் பராமரிப்பும் ஆதரவற்ற குழந்தைகள் பராமரிப்பும் சட்டப்படி தட்ட முடியாத செலவுகள், ஆண்டுதோறும் ஏறுகின்றன. கத்தரி வைக்க இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது இந்த ராத்திரி பஸ்தான். அதிகாரிகளை இதற்குத் திட்டி என்ன பயன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கவுன்சில் கூட்டத்தில் நான் கேட்டபோது அதிகாரி அம்மாள் ஒருவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: “கட்டிடத்துக்குக் கேட்டால் எனக்குப் பணம் கிடைக்கும். டிரைவருக்குக் கேட்டால் கிடைக்காது.”

இதில் வேடிக்கை என்னவென்றால், என்னிடம் இலவச பஸ் பாஸ் இருக்கிறது. அரசு ஓய்வூதிய வயது வந்தவர்களுக்குத் தரும் பாஸ், 2008 ஏப்ரலிலிருந்து இந்த வகைப் பாஸ் இங்கிலாந்து முழுக்கச் செல்லும். வார நாட்களில் காலை ஒன்பதரையிலிருந்து இரவு பதினொன்று வரை இலவசம். பாஸ் பதினொன்று வரை தயார், வண்டிதான் ஆறரைக்கே வீட்டுக்குப் போய்விடுகிறது. பாஸ் இல்லாதவர்களுக்கு 2023 ஜனவரியில் ஒரு டிக்கெட் 2 பவுண்டுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள், 2025-இல் அதை 3 பவுண்டாக்கினார்கள். வராத பஸ்ஸுக்கு டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தால்தான் என்ன?

இந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான் சரியான புள்ளியில் கை வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை, அந்த இழப்பை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. இது சுத்தமான வருவாய்ச் செலவு. கல்வெட்டு வைக்கச் சுவர் கிடையாது, ஆனால் தினமும் காலையில் ஆள் ஏறுகிறது. அதே அரசு கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் கடைசியில் அவ்வளவு பெரிய பேருந்து முனையத்தைத் திறந்தபோது பக்கத்து ரயில் நிலையம் தயாராகவில்லை, மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் பட்ட பாட்டை நீயே பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். கட்டிடத்தை முதலில் திறப்பதும், அங்கே போய்ச் சேரும் வழியைப் பிறகு யோசிப்பதும் எங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று அன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அப்புறம், டாக்டர் ஆஸ்பத்திரி முன்னால் இருக்கும் ஜீப்ரா கிராசிங். அதை சிக்னல் வைத்த கிராசிங்காக மாற்றும் வேலை நின்று கிடக்கிறது. பணம் இருக்கிறது. வரைபடம் முடிந்து, போலீசைக் கலந்து, பொது அறிவிப்பும் கொடுத்தாகிவிட்டது. ஆட்கள் வந்து தோண்டினார்கள். வரைபடத்தில் கேஸ் குழாய் இருந்த இடத்தில் குழாயைக் காணோம், சிக்னல் கம்பம் வரவேண்டிய இடத்தில் இருக்கிறது. குழாயை நகர்த்தக் கேஸ் கம்பெனிக்குத்தான் உரிமை, செலவு கவுன்சிலுடையது, எப்போது வருவது என்பது அவர்கள் இஷ்டம். மின்கம்பம் மாற்றித் தரச் சொல்லி நீ மின்வாரிய ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்த காலம் ஞாபகம் வருகிறதா? அதே படி, இங்கே ஈமெயிலில் உட்கார்கிறார்கள்.

ஆனால் வேலை முடிந்தால் உனக்குப் பிடிக்கும் சங்கதி இது. நம் காலத்தில் சிக்னலில் பச்சை எத்தனை நொடி என்பதை ரோட்டின் அகலத்தை வைத்துக் கணக்கிட்டோம். இங்கே வெகுகாலமாக, ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் ஒரு கட்டுரையில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் சராசரியைப் போட்டு உடைத்தார்கள்: ஆண்களுக்கு நொடிக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. அதாவது டாக்டரைப் பார்க்க வரும் வயதானவர்களில் பெரும்பாலோர் ரோட்டில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிடும். இங்கே வரப்போவது பஃபின் வகை சிக்னல். கம்பத்தின் மேலே இருக்கும் உணர்கருவி, ஆள் இன்னும் ரோட்டில் இருக்கிறாரா என்று பார்த்து, வண்டிகளுக்கான சிவப்பை நீட்டும். பட்டனை அழுத்திவிட்டு ஆள் மனசு மாறி நடந்து போய்விட்டால், அந்தக் கோரிக்கையைத் தானே ரத்து செய்யும். பச்சை மனிதன் எதிர்ப்பக்கத்தில் தெரியமாட்டான், இந்தப் பக்கத்திலேயே பட்டனுக்கு மேலே தெரிவான், வண்டி வரும் திசையில். அவனைப் பார்க்கும்போதே வரும் வண்டியும் கண்ணில் படட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். யோசித்துச் செய்திருக்கிறார்கள் இல்லையா? பார்வை இல்லாதவர்களுக்காகப் புள்ளிப் புள்ளியாக மேடு வைத்த தரைக்கல் பதிப்பார்கள், சிக்னலோ ஜீப்ரா கோடோ உள்ள கிராசிங்கில் சிவப்பு, மற்ற இடங்களில் வெளிர் மஞ்சள். கொஞ்சமாவது பார்வை உள்ளவர் நிறத்தை வைத்தே அது எந்த வகைக் கிராசிங் என்று தெரிந்துகொள்ளலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத் தெருக்களில் மணிக்கு 20 மைல் வேகம் என்பது அமலுக்கு வந்துவிட்டது. வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளுக்கெல்லாம் ஒரே அடியாக இதை வைத்தார்கள். எதிர்ப்பு மனுவில் நாலரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். இங்கிலாந்தில் அப்படி இல்லை, தெருத் தெருவாக உத்தரவு போட வேண்டும், மெதுவாகப் போகிறது, சண்டையும் சின்னச் சின்னதாக இருக்கிறது. எங்கள் ஊர்ச் சைக்கிள் பாதைக்கான திட்டத்தை மறுபடி வரையச் சொல்லிவிட்டார்கள். வெறும் பெயின்ட் கோடு பரபரப்பான ரோட்டுக்குப் போதாது என்பது 2020-இல் வந்த அரசு வழிகாட்டியின் கட்டளை, எங்களுடையதில் கோட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

பணத்துக்கு வேறு வழியே இல்லையா என்று நீ கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நாட்டிங்ஹாம் நகரம் ஒரு வழி கண்டுபிடித்தது. பத்துக்கு மேல் கார் நிறுத்தும் இடம் வைத்திருக்கும் கம்பெனிகளிடம் 2012 முதல் இடத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் வசூலிக்கிறார்கள். சட்டப்படி அந்தப் பணம் போக்குவரத்துக்கே போக வேண்டும். அதைக் காட்டித்தான் டிராம் பாதையை நீட்டினார்கள், 2015-இல் ஓட ஆரம்பித்தது. முதலாளிகள் ஊரைவிட்டே போய்விடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள், அப்படியொன்றும் ஊர் காலியாகவில்லை. எங்களுடையது போன்ற சின்ன ஊரில் அவ்வளவு பெரிய அலுவலகங்கள் இல்லை என்பதால் இதை இங்கே நகலெடுக்க முடியாது. ஆனால் வருஷா வருஷம் வந்துகொண்டிருக்கும் பணம் ஒன்று கையில் இருந்தால்தான் பேச்சுவார்த்தைக்கே உட்கார முடியும் என்பது அதில் தெரிகிறது.

எங்களுக்கு இருக்கும் ஒரே வாய்ப்பு, ஊருக்கு வடக்கே வரப்போகும் புதுக் குடியிருப்பு. அதற்கான 106 ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அதில் நிழற்குடை என்று எழுதாமல், முதல் சில வருஷங்களுக்கு மாலை நேர பஸ் ஓட்டும் செலவு என்று எழுத வையுங்கள் என்று குடியிருப்போர் சங்கம் சார்பில் மனு தயாரிக்கிறோம். அப்படி எழுதுவது சட்டத்தில் தடை இல்லை, பல இடங்களில் செய்கிறார்கள். கவுன்சிலரும் தலையாட்டுகிறார். கட்டும் கம்பெனி என்ன சொல்லும் என்பது எங்களுக்குத் தெரியும்: “இரண்டு நிழற்குடை வேண்டுமானால் தருகிறோம்.”

இதில்தான் உன் உதவி வேண்டும். மாலை ஏழிலிருந்து பத்து வரை மணிக்கு ஒரு நடை ஓட்ட ஆகும் செலவுக்கு அவர்கள் ஓர் எஸ்டிமேட் கொடுப்பார்கள், நிச்சயம் ஊதிப் பெருக்கியதாக இருக்கும். டிரைவர் நேரம், டீசல், காலி வண்டியாக டெப்போவுக்குத் திரும்பும் தூரம், இதில் எங்கெங்கே காற்று அடைப்பார்கள் என்று போக்குவரத்துக் கழகத்தில் இருந்த உன் மைத்துனரிடம் கேட்டு எழுது. கவுன்சிலின் பட்ஜெட் கூட்டம் பிப்ரவரியில், அதற்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

மல்லிகாவுக்கு எங்கள் விசாரிப்பு. கால் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
ரகு