43 வயது முழங்கால்

மெல்போர்ன், 28 ஜனவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்கால் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜனவரி வந்தால் இந்த ஊருக்கு ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ்தான் திருவிழா. பகலில் நம் சித்திரை வெயில், பொழுது சாய்ந்தால் சட்டென்று குளிர். நேற்று ராத்திரி ஆண்கள் இரட்டையர் இறுதி ஆட்டம். ராட் லேவர் அரங்கத்துக்குள் போகிற அளவுக்குக் கையில் காசில்லை, வெளியே பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்துதான் பார்த்தேன். குடகுக்காரர் ரோகன் போபண்ணாவும் ஆஸ்திரேலியர் மேத்யூ எப்டனும் ஒரு பக்கம், இத்தாலியின் பொலெல்லி, வவசோரி மறுபக்கம். 7-6, 7-5 என்று போபண்ணா ஜோடி ஜெயித்தது. முதல் செட் 6-6 என்று சமமானதும் ஆடிய டைபிரேக்கில் இத்தாலிக்காரர்களுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை!

போபண்ணாவுக்கு வயது 43, அப்பா. தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிறகு, இத்தனை வயதில் ஆண்கள் இரட்டையரில் கிராண்ட்ஸ்லாம் (நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) ஜெயித்தவர் வேறு யாருமில்லை. அவருக்கும் முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, ஐயங்கார் யோகாவால் மீண்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 2021-ல் மாதக்கணக்காக ஒரு ஆட்டமும் ஜெயிக்காமல், போதும் விட்டுவிடலாம் என்று நினைத்த மனிதர், நாளை வெளிவரும் உலக இரட்டையர் தரவரிசையில் முதலிடத்துக்கு வருகிறார். கோப்பையைத் தூக்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், போன வாரம் மலிவு டிக்கெட்டில் வெளி மைதானம் ஒன்றில் வேறொரு இரட்டையர் ஆட்டத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். வலைக்கு அருகே நிற்பவர் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, விரலால் ஜாடை காட்டுகிறார், சர்வ் போடுகிறவர் அதைப் பார்த்துத் தலையாட்டுகிறார். புள்ளிக்குப் புள்ளி பந்தால் வாயை மறைத்துக்கொண்டு ரகசியம் பேசுகிறார்கள். ஒருவர் தவறவிட்டாலும் மற்றவர் வந்து கையைத் தட்டிவிட்டுத்தான் போகிறார். ஆளுக்குப் பாதி மைதானம், ஒருவர் முன்னால் போனால் விட்ட இடத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார், வயதானவர்கள் இரட்டையரில் இத்தனை காலம் தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

நீங்களோ மாடிக்குத் தண்ணீர்க் குடத்தை இன்னும் தனியாகத்தான் தூக்குகிறீர்களாம், தம்பி சொன்னான். இனி அவனிடம் கொடுங்கள். டாக்டர் சொன்ன பயிற்சியைக் காலையில் செய்கிறீர்களா, அதை மட்டும் அடுத்த முறை மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்