நர்சிங் படிக்க நினைக்கும் அண்ணிக்கு

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நர்ஸாக எப்படிப் படிப்பது என்று நீங்கள் கேட்டதற்குத் தொலைபேசியில் பதில் சொல்லி மாளாது. டெக்சாஸில் நம் பெண்கள் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்பதால், பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் பி.காம். படித்தவர், கிரீன் கார்டு வந்துவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதைத் தவிர உங்களைப் பற்றிய வேறெதுவும் இதில் வராது.

கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர்க் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தால் அரை நர்ஸாகத்தான் வர முடியும் என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு படித்து பி.எஸ்.என். என்ற நர்சிங் இளங்கலைப் பட்டம் வாங்கியவரும், கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் டிகிரி என்ற இரண்டாண்டுப் பட்டம் வாங்கியவரும் எழுதுவது என்கிளெக்ஸ்-ஆர்.என். என்ற ஒரே தேர்வு. பெறுவதும் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ், என்ற ஒரே உரிமம். இந்த வழி நேற்று முளைத்ததும் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நர்ஸ்களுக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், மில்ட்ரெட் மாண்டாக் என்ற நர்சிங் கல்வியாளர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் தமது ஆய்வேட்டில் இதை முன்வைத்தார். 1952இல் சில கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். அவர் மனத்தில் இருந்தது பொறுப்பு குறைந்த ஒரு தொழில்நுட்ப நர்ஸ்தான். ஆனால் அப்படிப் படித்து வந்தவர்களும் ஆர்.என். உரிமத் தேர்விலேயே தேறினார்கள், மற்ற ஆர்.என்.களைப் போலவே வேலையும் செய்தார்கள்.

அண்ணன் சொல்வதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2010இல் வெளிவந்த, இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ ஆலோசனை அமைப்பின் அறிக்கை, 2020க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பி.எஸ்.என். பெற்றிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நியூயார்க் மாநிலம் 2017இல், உரிமம் பெற்ற பத்து ஆண்டுகளுக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. டெக்சாஸில் அப்படிச் சட்டம் இல்லை. எனினும் பெரிய மருத்துவமனைகள் பல பி.எஸ்.என். உள்ளவர்களையே முதலில் கூப்பிடுகின்றன. ஆர்.என். ஆகிச் சம்பளம் வாங்கிக்கொண்டே இணையவழியில் பி.எஸ்.என். முடித்துக்கொள்வதுதான் பலரும் செய்வது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் தரும் மருத்துவமனைகளும் உண்டு.

இரண்டு ஆண்டு என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தக் கணக்கு நர்சிங் வகுப்பில் இடம் கிடைத்த பிறகு தொடங்குவது. அதற்கு முன்பே அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, உளவியல், ஆங்கிலம் ஆகியவற்றை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்து, டீஸ் அல்லது ஹெசி என்ற நுழைவுத் தேர்வையும் எழுதியிருக்க வேண்டும். விண்ணப்பிப்போர் மிக அதிகம், இடங்கள் கொஞ்சம் என்பதால் அனாட்டமியில் வாங்கும் 'பி' கிரேடு கூட உங்களைப் பட்டியலில் கீழே தள்ளக்கூடும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், அங்கே படித்தவர்களின் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். டெக்சாஸ் நர்சிங் வாரியம் அதை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை உங்கள் பி.காம். ஒரு வகையில் குறுக்கே நிற்கும். கிரீன் கார்டு இருந்தாலும், ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு பெல் கிராண்ட் என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடையாது. அந்தப் பட்டம் இந்தியாவில் வாங்கியதாக இருந்தாலும் அதே கதிதான். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கம்யூனிட்டி காலேஜ் மாவட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு அங்கே கட்டணம் குறைவு என்பதால், கடனில்லாமலே சமாளித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கே வரும் சிக்கல். கிளினிக்கல் என்னும் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு உங்கள் இடது மேற்கையில் இன்னும் இருக்கும். அந்த ஊசி போட்டவர்களுக்குத் தோலில் செய்யும் சோதனை, காசநோய்த் தொற்று இல்லாதபோதும் அது இருப்பதாகக் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று அலைய வேண்டிவரும். குவான்டிஃபெரான் போன்ற இரத்தப் பரிசோதனை பி.சி.ஜி.யால் ஏமாறாது, ஆகவே முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய தடுப்பூசி அட்டை ஊரிலேயே தொலைந்துபோயிருந்தால் கவலையில்லை, தட்டம்மை, அம்மைக்கட்டு, சின்னம்மை போன்றவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்பதை இரத்தத்திலேயே பார்த்துவிடலாம்.

இவையெல்லாம் ஓடியாடி முடித்துவிடக்கூடியவை. உண்மையான கஷ்டம் வகுப்பில்தான் இருக்கிறது. நம்மைப் போல் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள் அனாட்டமியில் வகுப்பையே மிரள வைத்துவிட்டு, நர்சிங்கின் முதல் தேர்வில் விழுந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணம், அங்கே கொடுக்கும் நான்கு விடைகளும் பல நேரங்களில் சரியாகவே இருக்கும். முதலில் செய்ய வேண்டியது எது என்பதே கேள்வி. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். உங்கள் பொறுப்பில் நான்கு நோயாளிகள். ஒருவருக்கு சி.ஓ.பி.டி. என்னும் நாட்பட்ட நுரையீரல் நோய், ஆக்சிஜன் அளவு 90 சதவீதம். இன்னொருவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு ஏழு என்கிறார். மூன்றாமவர் நீரிழிவு நோயாளி, சர்க்கரை 250. நான்காமவருக்கு நேற்று தைராய்டை எடுத்திருக்கிறார்கள், உதட்டைச் சுற்றிக் குறுகுறுவென்று இருக்கிறது என்கிறார். யாரை முதலில் பார்ப்பீர்கள்?

வலியில் துடிப்பவரிடம் போகத்தான் மனம் இழுக்கும். விடை நான்காமவர். தைராய்டை எடுக்கும்போது அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கால்சியம் குறையும்; உதட்டில் தெரியும் அந்தக் குறுகுறுப்பு அதன் ஆரம்ப அடையாளம்; கவனிக்காமல் விட்டால் குரல்வளைத் தசை இறுகி மூச்சே அடைத்துப்போகலாம். மற்ற மூவருக்கும் இருப்பது அவரவர் நோயில் எதிர்பார்க்கக்கூடியதுதான். பாடப்புத்தகத்தின் கால்சியம் பத்தியை ஒப்பிக்கத் தெரிந்தவரும் இங்கே தடுமாறுவார். 2023 ஏப்ரல் முதல் என்கிளெக்ஸிலேயே ஒரு நோயாளியின் குறிப்பேட்டைப் படிப்படியாகக் காட்டி இப்படி முடிவெடுக்கச் சொல்லும் கேள்விகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே முதல் வாரத்திலிருந்தே படிப்பதில் பாதி நேரத்தைக் கேள்விகளுக்கு விடை போடுவதற்கும், தவறிய விடை ஏன் தவறு என்று பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள்.

நம் வளர்ப்பே காலை வாரும் இடமும் ஒன்று உண்டு. நாளை அறுவை சிகிச்சை, பயமாக இருக்கிறது என்று நோயாளி சொல்கிறார். "கவலைப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது, நல்ல டாக்டர்" என்பதுதான் நம் வாயில் தானாக வரும். தேர்வில் அது தவறான விடை. கையில் இல்லாத உறுதியைக் கொடுத்து அவர் பேச்சை அடைத்துவிடுகிறீர்கள். "ஏன் பயப்படுகிறீர்கள்?" என்பதும் தவறு, குற்றம் சாட்டுவதுபோல் தொனிக்கும். "எதை நினைத்தால் பயமாக இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நம் குடும்பத்துக்கு இது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

மருந்துக் கணக்கு உங்களுக்கு எளிதுதான், ஆனால் பல கல்லூரிகளில் அந்தத் தேர்வுக்கு 90 மதிப்பெண்ணுக்குக் குறைந்தால் மருந்து கொடுக்கவே விடமாட்டார்கள். கணக்கு சரியாக இருந்தும் எழுதும் விதத்தில் மதிப்பெண் போய்விடும். அரை மில்லிகிராமை 0.5 என்று முன்னால் பூஜ்யத்துடன் எழுத வேண்டும். ஐந்தை 5.0 என்று எழுதக் கூடாது. அந்தப் புள்ளி கண்ணில் படாவிட்டால் நோயாளிக்குப் போவது ஐம்பது.

கடைசியாக அண்ணனுக்கு. கிளினிக்கல் நாட்களில் அண்ணி காலை ஏழு மணிக்கு முன்பே வார்டில் நின்று, இரவு நர்ஸ் சொல்லும் ரிப்போர்ட்டைக் கேட்க வேண்டும். அதாவது வீட்டிலிருந்து ஐந்தரை மணி வாக்கில் கிளம்ப வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகளை எழுப்பி, டிபன் பாக்ஸ் கட்டி, பள்ளியில் விடுவது உங்கள் வேலை. தாமதமாக வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிச் சில நாட்கள் சேர்ந்தால் அந்த செமஸ்டரே போய்விடும். அடுத்த செமஸ்டர் பதிவுக்கு முன் பி.காம். மதிப்பெண் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டு, அனாட்டமி வகுப்பில் ஓர் இடத்தைப் பிடித்துவிடுங்கள், அண்ணி. மாலை வகுப்புகள்தான் முதலில் நிரம்பும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்