புற்றரைக்கான நீரளவை நீர்க்கட்டணப் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிடலாமே

ஆசிரியர் அவர்கட்கு,

மழை குறையும் தை, மாசி மாதங்களில் தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கும்படி கொழும்பு வாசிகளிடம் கேட்டுக்கொள்வது வழக்கம். எதில், எவ்வளவு குறைப்பது என்ற விபரம் அந்த வேண்டுகோளுடன் வருவது அரிது. குளிப்பிலும் சமையலிலும் ஒரு குடும்பம் குறைக்கக்கூடியது சொற்பமே. முற்றத்தில் புற்றரை வளர்ப்பவர்கள் குறைக்கக்கூடியதோ மிக அதிகம் என்பதால், அவர்களை முன்னிட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். நான்கு பேர்ச்சஸ் புற்றரை ஏறக்குறைய 100 சதுர மீற்றர். நல்ல வெயில் காலத்தில் வாரத்துக்கு 25 மில்லிமீற்றர் கிடைத்தால் புல் செழிப்பாக இருக்கும் என்று கொண்டால், வாரமொன்றுக்கு 2,500 லீற்றர், அதாவது 1,000 லீற்றரை ஓர் அலகாகக் காட்டும் நீர்மானியில் இரண்டரை அலகு. மாதத்துக்குப் பத்து அலகு. பாவனை கூடக் கூட அலகின் விலையும் படிப்படியாக ஏறும் கட்டண முறையில், இந்தப் பத்து அலகும் மேற்படியிலேயே போய் விழுகின்றன. இது அளவோடு ஊற்றுபவரின் கணக்கு. ஹோஸைப் புல்லின் மேல் போட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசப் போகிறவரின் கணக்கு அவருக்கே தெரியாது.

தெரிந்துகொள்வதற்குப் பெரிய உபகரணம் எதுவும் தேவையில்லை. 10 லீற்றர் வாளி அரை நிமிடத்தில் நிரம்பினால், அந்தக் குழாய் நிமிடத்துக்கு 20 லீற்றர் தருகிறது. மேற்சொன்ன புற்றரைக்கு 12 மில்லிமீற்றர் ஊற்ற ஒரு மணித்தியாலம் பிடிக்கும். நீர்த்தூவி வைத்திருப்பவர்கள் ஐந்தாறு வெற்று ரின் மீன் பேணிகளைப் புல்லின் மேல் அங்குமிங்குமாக வைத்து, கால் மணி நேரம் தூவவிட்டு, ஒவ்வொன்றிலும் சேர்ந்த நீரை அடிமட்டத்தால் அளந்து பார்க்கலாம். ஒரு பேணியில் ஒன்பது மில்லிமீற்றரும் இன்னொன்றில் இரண்டும் இருக்குமானால், காய்ந்த மூலையைப் பச்சையாக்குவதற்காக மற்றைய இடமெல்லாம் நாள்தோறும் மிதமிஞ்சி நனைக்கப்படுகிறது என்று பொருள். அங்கே தூவியை நகர்த்த வேண்டுமேயொழிய நேரத்தைக் கூட்டக்கூடாது.

தினமும் சிறிது தெளிப்பதை விட வாரத்துக்கு இரண்டு தடவை ஆழமாக நனைப்பதே நல்லது. மேல்மண் மட்டும் ஈரமாக இருந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். இரண்டு நாள் வெயிலுக்கே புல் சுருண்டுவிடும். ஆனால் மண்ணைப் பார்த்தே இதைச் செய்ய வேண்டும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலோர மணலில் நீர் உடனே கீழிறங்கிவிடுவதால், ஒரு தடவைக்கான அளவைக் குறைத்து இடைவெளியையும் சற்றுக் குறைக்கலாம். உள்ளே போகப் போக இறுகிய செம்மண்ணில் நீர் உறிஞ்சப்படாமல் வடிகானுக்கு ஓடிவிடும். அங்கே பாதியை ஊற்றி, அரை மணி நேரம் பொறுத்து மீதியை ஊற்றுவதே பலன் தரும். விடியற்காலையே உகந்த நேரம். மாலையில் ஊற்றினால் இலை இரவு முழுதும் ஈரமாகவே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும்.

நம்மவர் அதிகம் நடும் மலேசியப் புல் அகன்ற இலை கொண்டது. வெயிலுக்கு முதலில் வாடுவதும் அதுதான். அதைத் தரையொட்ட வெட்டிவிட்டு, வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றுவது நகரெங்கும் காணும் காட்சி. இரண்டு அங்குலம் வரை வளரவிட்டு, வெட்டும்போது உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்காமல் விட்டால் மண் நிழல்பட்டு ஈரம் காக்கும். அப்படியும் சில வாரம் பழுப்பேறினால் பதற வேண்டியதில்லை. வேர் உயிரோடிருந்தால் பங்குனி, சித்திரை மழையில் தளிர்த்துவிடும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் இந்நகரில் பெரும்பாலான மாதங்களில் புற்றரைக்குக் குழாய் நீரே தேவையில்லை. கூரை நீரைச் சேகரித்து ஊற்றலாமே என்பார்கள். நல்ல யோசனைதான், நகர்ப்புறக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பதற்குச் சட்ட ஏற்பாடும் இருக்கிறது. எனினும் 1,000 லீற்றர் தாங்கி நான்கு பேர்ச்சஸ் புல்லுக்கு ஒரு தடவைக்குக்கூடப் போதாது. அது பூச்சாடிகளுக்கே பொருந்தும். டெங்கு பரவும் நகரில் அந்தத் தாங்கிக்கு நுளம்பு புகாத மூடியும் வலையும் கட்டாயம் வேண்டும்.

நாம் புல்லுக்கு ஊற்றுவது அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுத்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து பெற்றும் சுத்திகரித்த குடிநீர். வரட்சியில் களனியின் நீர்மட்டம் தாழும்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவருவதால், அம்பத்தலையில் உவர்நீரைத் தடுக்க வேண்டியிருப்பதையும் வாசகர்கள் அறிவார்கள்.

ஆகவே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் ஒரு வேண்டுகோள். மாதாந்தப் பட்டியலின் பின்பக்கத்தில், எத்தனை பேர்ச்சஸ் புற்றரைக்கு வாரத்துக்கு எத்தனை லீற்றர், எந்த மாதங்களில் எதுவுமே வேண்டாம் என்பதைச் சிறிய அட்டவணையாக மும்மொழியிலும் அச்சிடலாம். தானியங்கி நீர்த்தூவி பொருத்தியுள்ள தொடர்மாடி நிர்வாகங்களுக்கு, மழை பெய்தால் தூவியைத் தானே நிறுத்தும் உணரியைப் பொருத்துமாறு தனியே அறிவிக்கலாம். என் வீட்டுக்கு அருகிலுள்ள தொடர்மாடியொன்றில், ஐப்பசி மாத அடைமழையிலும் நேரம் தவறாமல் தூவி சுழன்றுகொண்டிருக்கிறது.

இங்ஙனம்,
தெஹிவளை வாசகர் ஒருவர்